நூறா, நூற்றியொன்றா? விருப்பமும் கவனமும் பார்வைக்குள் நுழையும் வழிகள்

வெள்ளவத்தையில் மாலை ஆறரை மணி, காலி வீதிப் பஸ் தரிப்பிடம். பாணந்துறைக்குப் போக நிற்பவருக்கு 100ஆம் இலக்க பஸ் வேண்டும். 101 மொறட்டுவையோடு நின்றுவிடும். இரண்டும் புறக்கோட்டையிலிருந்து ஒரே வீதியால்தான் வருகின்றன. வித்தியாசம் கடைசி இலக்கம் மட்டும். தூரத்தில் ஒரு பஸ் தலை காட்டுகிறது. "நூறு வருது" என்று பையைத் தோளில் மாட்டுகிறார். கிட்ட வந்தபின் பார்த்தால் 101. பக்கத்தில் நிற்பவர் தெஹிவளையில் இறங்குகிறவர். அவருக்கு எது வந்தாலும் ஒன்றுதான். அவரிடம் அதே பஸ்ஸைக் காட்டிக் கேட்டிருந்தால் "இன்னும் வடிவாத் தெரியேல்லை" என்றிருப்பார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பஸ்ஸின் நெற்றியில் உள்ள இலக்கம் 15 சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கண் வைத்தியரின் அட்டையில் 6/6 வரியை வாசிப்பவரின் கண், ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு உயரமாகத் தெரியும் எழுத்தை மட்டுமட்டாகப் பிரித்தறியும். 15 சென்ரிமீற்றர் இலக்கம் அந்த அளவுக்கு வருவது சுமார் 100 மீற்றர் தூரத்தில். அதுவும் நல்ல வெளிச்சத்தில். மங்கல் பொழுதில் இன்னும் கிட்ட வரவேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் அந்த 100 மீற்றரைக் கடக்க 9 விநாடி எடுக்கும். ஆகவே "நூறு" என்ற தீர்ப்பு, இலக்கம் வாசிபடும் தூரத்துக்கு வெளியே இருந்தபோதே வந்துவிட்டது. சரி, பிழை எந்த இடத்தில் நடந்தது? கண்ணிலா, மூளையின் பார்வைப் பகுதியிலா, "நூறு" என்று சொல்லிவிடத் துடித்த நாக்கிலா? உளவியலும் நரம்பியலும் எழுபது வருடத்துக்கு மேலாகச் சண்டை பிடிப்பது இந்த மூன்றில் எது என்பதைப் பற்றித்தான். இப்போது கையிலுள்ள சான்றுகளின்படி கண் பெரும்பாலும் நிரபராதி. மற்ற இரண்டும் கூட்டுக் குற்றவாளிகள். ஆனால் இருவரும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

முதலில், மூளை ஏன் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறது என்பது விளங்கவேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 2 பாகை. நாம் கூர்மையாகப் பார்ப்பது எந்த நேரத்திலும் அவ்வளவு சின்ன வட்டத்தைத்தான். மிச்சமெல்லாம் மங்கல். கண் விநாடிக்கு மூன்று தடவை தாவித் தாவி அந்தச் சின்ன வட்டத்தை இடம் மாற்றிக்கொண்டிருப்பதால் முழுக் காட்சியும் தெளிவாக இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் பத்துக் கோடி அளவில் இருக்கின்றன. அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இழைகள் சுமார் பத்து இலட்சம்தான். சுருக்கல் கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. அடுத்தது சக்திக் கணக்கு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அப்படியிருந்தும், மூளையின் மேற்படையான புறணியிலுள்ள நரம்புக்கலங்களில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் ஒரே நேரத்தில் மும்முரமாக இயங்கலாம் என்று பீட்டர் லென்னி 2003இல் கணக்கிட்டார். கையிருப்பு இவ்வளவுதான் என்றால் எதற்குச் செலவழிப்பது என்று யாரோ முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுக்குப் பெயர்தான் கவனம்.

பாதை இப்படிப் போகிறது. விழித்திரையிலிருந்து தலமஸ் என்ற நடு நிலையத்துக்கு; அங்கிருந்து பிடரிப் பக்கத்திலுள்ள முதல் பார்வைப் புறணிக்கு, அதாவது வி1 என்று அழைக்கப்படும் பகுதிக்கு; பின்னர் வி2, வி4 என்று ஒரு கிளை காதுப் பக்கமாகக் கீழே இறங்கி "இது என்ன" என்று பார்க்கிறது, இன்னொரு கிளை உச்சிப் பக்கமாக ஏறி "இது எங்கே" என்று பார்க்கிறது. இந்த இரு கிளைப் படத்தை அங்கர்லைடரும் மிஷ்கினும் 1982இல் வரைந்தார்கள். பள்ளிக்கூடப் புத்தகப் படங்களில் அம்புக்குறிகள் எல்லாம் முன்னோக்கியே போகும். உண்மையில் திரும்பி வரும் கம்பிகள் ஏராளம். தலமஸிலுள்ள பார்வை நிலையத்துக்கு வரும் இணைப்புகளில் கண்ணிலிருந்து வருவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். மிகுதி புறணியிலிருந்தும், மூளைத்தண்டிலிருந்தும், தலமஸைச் சுற்றிப் போர்வை போலக் கிடக்கும் வலைப்படலத்திலிருந்தும் வருகிறது. அந்தப் படலம்தான் வாசற்காவலாக இருக்கவேண்டும் என்று பிரான்சிஸ் கிரிக் 1984இல் ஊகித்தார். 2008இல் குரங்குகளில் அளந்தபோது, ஒரு பொருளில் கவனம் விழுந்ததும் படலத்தின் கலங்கள் சற்றுத் தணிந்தன, நிலையத்தின் கலங்கள் சற்று உயர்ந்தன. காவலாளி ஒதுங்கி நின்று ஆளை உள்ளே விட்ட மாதிரி.

நேரத்தையும் பார்க்கவேண்டும். குரங்கின் வி1க்குச் சமிக்ஞை வந்துசேர சுமார் 40 மில்லிவிநாடி. உருவத்தை அடையாளம் காணும் பகுதிக்குப் போக சுமார் 100. மனிதரின் தலையில் மின்வாய் ஒட்டிப் பதிவு செய்தால், 50 முதல் 90 மில்லிவிநாடிக்குள் எழும் முதல் அலையைக் கவனம் பெரும்பாலும் அசைப்பதில்லை. 80க்கும் 130க்கும் இடையில் எழும் அடுத்த அலை, கவனம் வைத்த இடத்துக்குப் பெரிதாகிறது. ஒரே வி1 கலமே முதலில் கண் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டு, 200 மில்லிவிநாடி தாண்டியபின் "நீ தேடும் கோடு இதுதான்" என்று குரல் உயர்த்துவதை ரூல்ஃப்செமாவின் குழு 1998இல் குரங்கில் காட்டியது. முதல் வரவு கண்ணுடையது. விருப்பமும் கவனமும் நுழைவது இரண்டாம் சுற்றில்.

நுழைந்து என்ன செய்கின்றன? இதற்கு இன்றும் முதலில் சொல்லப்படும் பரிசோதனை ஜெஃப்ரி மோரனும் ரொபர்ட் டெசிமோனும் 1985இல் செய்தது. வி4 கலம் ஒவ்வொன்றுக்கும் காட்சியில் தனக்கென ஒரு சாளரம் உண்டு. சிவப்புக்கு மட்டும் துடிக்கும் ஒரு கலத்தின் சாளரத்துக்குள் சிவப்புக் கோடு ஒன்றும் பச்சைக் கோடு ஒன்றும் சேர்ந்து வைக்கப்படுகின்றன. குரங்கின் கண் அசையவில்லை. மனம் மட்டும் மாறுகிறது. சிவப்பில் கவனம் வைத்தால் கலம் துடிக்கிறது. பச்சையில் கவனம் வைத்தால், சிவப்பு அதே இடத்தில் கிடந்தும், கலம் அடங்கிப்போகிறது. சாளரம் பச்சையைச் சுற்றிச் சுருங்கிவிட்ட மாதிரி. இதிலிருந்து பிறந்த கருத்துத்தான் சாய்வுள்ள போட்டி: பொருட்கள் தமக்குள் அடிபடுகின்றன, கவனம் ஒன்றின் பக்கம் சற்றுச் சாய்த்துவிடுகிறது, மிகுதியைப் போட்டியே முடித்துவைக்கிறது. டெசிமோனும் ஜோன் டங்கனும் 1995இல் இதைக் கோவையாக எழுதினார்கள்.

சத்தத்தைக் கூட்டுவது மட்டும்தான் கவனத்தின் வேலை என்று நினைத்தால் பாதியை விட்டுவிடுவோம். மார்லின் கோஹனும் ஜோன் மோன்செலும் 2009இல் வி4இல் பல கலங்களை ஒரே நேரத்தில் பதிந்தபோது, பார்வைத் திறன் கூடியதற்குப் பெரிய காரணம் வேறாக இருந்தது. செட்டியார் தெருவில் பத்து நகைக்கடைக்காரரிடம் நாளைய பவுன் விலையைக் கேட்கிறீர்கள். பத்துப் பேரும் காலையில் ஒரே வதந்தியைக் கேட்டவர்கள் என்றால், பத்துப் பேரைக் கேட்டதும் ஒருவரைக் கேட்டதும் ஒன்று. பிழையும் ஒன்றாகவே வரும். அவரவர் தனித்தனியே கணக்குப் பார்த்துச் சொன்னால் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சராசரி சரியாக வரும். நரம்புக்கலங்களும் அப்படித்தான் சேர்ந்து தடுமாறுகின்றன. கவனம் அந்தச் சேர்ந்த தடுமாற்றத்தைக் குறைக்கிறது.

கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நேரான சான்று டிரின் மூரும் கேத்ரின் ஆம்ஸ்ட்ரோங்கும் 2003இல் தந்தது. நெற்றிப் பக்கத்தில் கண்ணசைவை ஆளும் ஒரு பகுதி உண்டு. கண்ணை அசைக்கப் போதாத மெல்லிய மின்னோட்டத்தை அங்கே கொடுத்தார்கள். கண் அசையவில்லை, ஆனால் அந்தக் கண்ணசைவு எந்த இடத்துக்குப் போயிருக்குமோ அதே இடத்தைப் பார்க்கும் வி4 கலங்கள் உயர்ந்தன. பார்க்கப் போகும் எண்ணமே பார்வையைத் தயார் செய்துவிடுகிறது.

இனிச் சுளகுக்கு வருவோம். அரிசியில் கல் பொறுக்குவது, பார்வைத் தேடலைப் படிப்பதற்கு எங்கள் வீடுகளிலேயே கிடக்கும் ஆய்வுகூடம். சிவப்புப் பச்சையரிசியில் வெள்ளைக் கல் கிடந்தால் அதுவே கண்ணுக்குள் பாயும். அரிசி ஒரு பிடி ஆனாலும் ஒரு கொத்து ஆனாலும் நேரம் பெரிதாகக் கூடாது. வெள்ளைச் சம்பாவில் வெள்ளைக் கல் என்றால் பகுதி பகுதியாகப் பார்க்கவேண்டும். அரிசி இரட்டித்தால் நேரமும் ஏறும். ஒரே ஒரு குணத்தால் வேறுபடுவது உடனே துள்ளி நிற்கும், குணங்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டியதற்குக் கவனம் இடம் இடமாகப் போகவேண்டும் என்று ஆன் டிரீஸ்மனும் கெலாடும் 1980இல் எழுதினார்கள். தேடும் பொருள் சுற்றியுள்ளதை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு கஷ்டம் என்று டங்கனும் ஹம்ஃப்ரீஸும் 1989இல் திருத்தினார்கள். சுளகு பிடித்தவர்களுக்கு இரண்டும் முன்பே தெரியும், பெயர்தான் தெரியாது.

"வெள்ளை, உருண்டை, மினுக்கம்" என்று மனதில் ஓர் அச்சை வைத்துக்கொண்டு தேடும்போது, அந்தக் குணத்துக்குத் துடிக்கும் கலங்கள் காட்சி முழுவதிலும் உயர்கின்றன, நீங்கள் பார்க்கும் மூலையில் மட்டுமல்ல. ட்ரொய்யவும் மார்ட்டினெஸ் டிரூயியோவும் 1999இல் இதை அசையும் புள்ளிகளைக் கொண்டு காட்டினார்கள். இதில் ஒரு பொறி உண்டு. மனதில் நெல்லின் அச்சு இருந்தால் நெல்தான் அகப்படும், கல் தப்பிவிடும். இன்னொரு பொறி: ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடல் திருப்திப்பட்டு நின்றுவிடுகிறது. எக்ஸ்ரே பார்க்கும் வைத்தியர்களிடையே இது நன்கு அறியப்பட்ட பிழை. முதல் முறிவைக் கண்டவர் இரண்டாவதை விட்டுவிடுவார்.

மூன்றாவது பொறிதான் மோசமானது. முன்பு அரிசி வாங்கினால் கல் நிச்சயம். ஆகவே கண் தேடிக்கொண்டே இருந்தது. இப்போது பைக்கற் அரிசியில் கல் எப்போதாவது ஒன்று. அந்த ஒன்றுதான் பல்லில் படுகிறது. ஜெரமி வுல்ஃபின் குழு 2005இல் இதை அளந்தது. பை ஸ்கான் போன்ற படங்களில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது தவறவிட்டது 7 சதவீதம். நூறில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். பொருள் அதேதான், கண்ணும் அதேதான். இரண்டு விஷயம் நடக்கிறது. "இல்லை" என்று சொல்லிச் சொல்லிப் பழகியதால் தேடலைக் கைவிடும் நேரம் குறைகிறது; "இருக்கிறது" என்று சொல்ல வேண்டிய சான்றின் அளவும் உயர்ந்துவிடுகிறது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு கொழும்பில் கடைத்தொகுதி வாசல்களில் பை திறந்து பார்த்தவர்களின் வேலை இந்த வகைதான்: ஆயிரம் பையில் ஒன்றும் இல்லை, ஆயிரத்தோராவது பையில் இருந்தால் என்ன செய்வது? "வடிவாப் பார்" என்று மேலாளர் சத்தம் போடுவதால் இது திருந்தாது. காரணம் அக்கறையின்மை அல்ல, எண்ணிக்கை.

திருத்துவதற்கு வழி இருக்கிறது. விமான நிலைய ஸ்கான் இயந்திரங்கள் இடையிடையே பொய்யான ஆயுதப் படத்தை உண்மையான பைக்குள் செருகிக் காட்டுகின்றன; பார்ப்பவர் பிடித்தால் உடனே சொல்லிவிடும், விட்டாலும் சொல்லிவிடும். வேலைக்கு இடையில், பொருள் அடிக்கடி வரும் சிறு பயிற்சி ஒன்றைச் சரியா பிழையா என்ற பதிலோடு கொடுத்தால், அதன்பின் அரிதான பொருளைத் தவறவிடுவது குறைவதையும் வுல்ஃபின் குழு 2007இல் காட்டியது. வீட்டில் யாரும் வேண்டுமென்றே அரிசிக்குள் கல் போடப்போவதில்லை. ஆனால் மற்ற ஏற்பாடுகளைச் செய்யலாம்: ஒரு தடவைக்கு 200 கிராம் அளவு, ஒரு மணி தடிப்புக்குப் பரப்பி, கல்லின் நிழல் விழும்படி வெளிச்சம் பக்கத்திலிருந்து, வரிசை வரிசையாக ஒரு சுற்று, சுளகைத் திருப்பி வைத்து இன்னொரு சுற்று. இதைப் பரிசோதனையாகவே செய்து பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இருபது குவியலில் ஒன்றில் கல் வைத்துவிட்டுத் தவறு வீதத்தைக் கணக்கிட முடியாது. விடை ஒன்றில் 0, அல்லது 100 சதவீதம். இருநூறு குவியலாவது வேண்டும், எத்தனை கல் என்று தேடுபவருக்குத் தெரியக்கூடாது.

தேர்ச்சி காப்பாற்றுமா? 2013இல் டிரஃப்டன் ட்ரூவும் வுல்ஃபும் நுரையீரல் சி.டி. படங்களுக்குள் ஒரு கொரில்லாப் படத்தைச் செருகினார்கள். வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரிது. 24 கதிரியக்க வைத்தியர்களில் 20 பேர் காணவில்லை. கண்ணசைவுப் பதிவைப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலானவர்களின் கண் கொரில்லா இருந்த இடத்திலேயே நேராக விழுந்திருந்தது. வெள்ளைக் கட்டிக்கு அச்சு வைத்துத் தேடிய மூளைக்குக் கறுப்புக் கொரில்லா தேவையில்லாத பொருள். விழித்திரையில் விழுந்தது, தீர்ப்புக்கு வரவில்லை.

இதுவரை பேசியது கவனம். விருப்பம் எங்கே வருகிறது? ஓட்டோச் சாரதியின் கண்ணைப் பாருங்கள். நடைபாதையில் உயரும் கை ஒவ்வொன்றும் அவருக்குக் காசு. ஆயிரம் தடவை பழகியபின், இன்றைக்கு ஓட்டமே வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பும்போதும், யாரோ தலை வாரக் கை தூக்கினால் அவர் கண் அங்கே போய்விடும். பிரையன் ஆண்டர்சன், லோரன்ட், யாண்டிஸ் மூவரும் 2011இல் ஆய்வுகூடத்தில் செய்தது இதுவே. சிவப்பு அல்லது பச்சை வட்டத்தைக் கண்டுபிடித்தால் காசு. ஒரு நிறத்துக்குப் பெரும்பாலும் 5 அமெரிக்கச் சதம், மற்றதற்குப் பெரும்பாலும் 1 சதம். பிறகு வேறு வேலை, வடிவத்தைத் தேடுவது, நிறத்துக்கு மதிப்பே இல்லை. இருந்தும் பழைய 5 சத நிறம் பக்கத்தில் கிடந்தால் பதில் தாமதமானது. தேவையும் இல்லை, கண்ணுக்கு உறுத்தும் பிரகாசமும் இல்லை. பழைய கூலி மட்டும் இழுக்கிறது. சாரதியின் கண் இடப்பக்கக் கைக்குப் போன அரை விநாடியில் வலப்பக்கமாக முந்தும் மோட்டார் சைக்கிள் என்னாகும்? மோஸ்ட்டும் அஸ்டூரும் 2007இல் ஓட்டப் பயிற்சிக் கருவியில், ஒவ்வொரு சந்தியிலும் குறித்த நிறத்து அம்புக்குறியைத் தேடச் சொன்னார்கள். குறுக்கே வந்த மோட்டார் சைக்கிள் தேடிய நிறத்திலேயே இருந்தபோது மோதல் குறைவு; வேறு நிறமென்றால் மோதல் கூடுதல்.

கூலியின் தடம் மிக முற்பட்ட பகுதியிலேயே தெரிவதுதான் ஆச்சரியம். ஷூலரும் பேயரும் 2006இல் எலிகளின் ஒரு கண்ணுக்கு மின்னல் காட்டி, குறித்த தடவை நக்கினால் தண்ணீர் வரும் என்று பழக்கினார்கள். சில நாளில் வி1 கலங்கள் ஒளிக்கு மட்டுமல்ல, தண்ணீர் வரவேண்டிய நேரத்துக்கும் துடிக்கத் தொடங்கின. பார்வைப் புறணியில் கூலியின் கடிகாரம். 2013இல் ரூல்ஃப்செமாவின் குழு, குரங்கின் வி1இல் கூலியின் மதிப்பால் உயரும் கலங்களும் கவனத்தால் உயரும் கலங்களும் ஒன்றே என்று காட்டியது.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட முடியாது. குரங்கைக் "கவனி" என்று வாயால் சொல்ல முடியாது. சரியான இடத்தைப் பார்த்தால் பழச்சாறு என்றுதான் பழக்குகிறார்கள். அப்படியானால் பல வருடங்களாகக் கவனம் என்று அளந்ததில் எவ்வளவு கவனம், எவ்வளவு பழச்சாறு? மோன்செல் 2004இல் இந்தக் கேள்வியைக் கேட்டார். பின்னர் 2015இல் பாருனி, லாவ், சால்ஸ்மன் மூவரும் இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது, குரங்கின் நடத்தை ஒரு பக்கமும் வி4இன் துடிப்பு இன்னொரு பக்கமும் போவதைக் கண்டார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. செய்தித்தாள்களில் "ஆசை மூளையின் பார்வையை மாற்றுகிறது" என்று வரும் தலைப்புகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

பசியில் படம் கொஞ்சம் தெளிவு. விரத நாளில் காலி வீதியால் நடப்பவருக்குச் சாப்பாட்டுக் கடைப் பலகை ஒன்றும் தப்பாது, கொத்துரொட்டிச் சத்தம் இரண்டு சந்திக்கு அப்பால் கேட்கும். 2016இல் எலிகளில் பார்த்தபோது, பசித்த எலியில் உணவைக் குறிக்கும் படத்துக்கான துடிப்பு உயர்ந்தது. வயிறு நிரம்பியதும் தணிந்தது. ஆனால் உயர்ந்த இடம் வி1 அல்ல. பார்வையும் நினைவும் உணர்ச்சியும் சந்திக்கும் பின்னைய பகுதி.

மறுபடியும் பஸ் தரிப்பிடம். 2006இல் எமிலி பால்செட்டிஸும் டேவிட் டனிங்கும், ஆங்கில பி எழுத்தாகவும் 13 என்ற எண்ணாகவும் வாசிக்கக்கூடிய ஓர் உருவை ஒரு கணம் காட்டினார்கள். எழுத்து வந்தால் தோடம்பழச் சாறு, எண் வந்தால் பார்க்கவே குமட்டும் பானம். சிலருக்கு இது தலைகீழாக. எதை விரும்பினார்களோ அதையே பெரும்பாலும் கண்டார்கள். 2019இல் யுவான் சாங் லியோங்கும் சகாக்களும் இதை மூளை ஸ்கானுக்குள் கொண்டுபோனார்கள். முகமும் இடக்காட்சியும் வெவ்வேறு அளவில் கலந்த படங்கள். அடுத்த படம் முகம் என்றோ இடம் என்றோ கூட்டாளி பந்தயம் கட்டுவார். அது பலித்தால் பங்குபற்றுபவருக்கு லாபம். அதோடு, படத்தில் எது கூடுதல் என்று சரியாகச் சொன்னாலும் தனியாகக் காசு. பொய் சொன்னால் அந்தக் காசு போய்விடும். இருந்தும் பதில்கள் பந்தயத்தின் பக்கம் சாய்ந்தன.

எங்கே சாய்ந்தன என்பதற்கு ஒரு தராசை நினையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் கைப்பிடி கைப்பிடியாகச் சான்று விழுகிறது. ஒரு தட்டு குறித்த அளவு இறங்கியதும் தீர்ப்பு. கள்ளத் தராசுக்கு இரண்டு வழி. நிறுக்கத் தொடங்கும் முன்பே ஒரு தட்டைச் சற்று இறக்கி வைப்பது ஒன்று. ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூட அள்ளிப் போடுவது மற்றது. வெளியே விளைவு ஒன்று போலத் தெரிந்தாலும், பதில் வரும் நேரத்தை வைத்துப் பிரித்துவிடலாம். தொடக்கச் சாய்வு வேகமான பதில்களில் பலமாக இருக்கும், நிறையச் சான்று விழுந்தபின் கரைந்துவிடும். அள்ளும் கையின் சாய்வு தாமதமான பதில்களிலும் விடாது. லியோங்கின் தரவில் இரண்டும் இருந்தன. தொடக்கச் சாய்வோடு சேர்ந்து போனது, ஆசைக்கும் எதிர்பார்ப்புக்கும் பேர்போன அக்கும்பென்ஸ் கருவின் துடிப்பு, அதுவும் படம் வருமுன்னே. அள்ளும் சாய்வோடு சேர்ந்து போனது பார்வைப் புறணி: முகத்தை விரும்பியவரில் முகப் பகுதி, படத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகத் துடித்தது. "நூறு வருது" என்பதில் நாக்கின் அவசரமும் உண்டு, பார்வையின் சாய்வும் உண்டு. முதலாவது, பஸ் கிட்ட வர வரத் தானாகக் கரையும். இரண்டாவது, சான்று மங்கலாக இருக்கும்வரை நிலைக்கும். 30 மீற்றரில் 1 என்பது 1தான். அங்கே எந்த ஆசையும் எடுபடாது.

இரசாயனப் பக்கம் சுருக்கமாக: விழிப்பும் பரபரப்பும் மூளைத்தண்டிலிருந்து நோர் அட்ரினலினாகப் பரவுகின்றன, அதன் வெளி அடையாளம் கண்மணி விரிவது. கண்மணி விரிந்த வேளைகளில் விரும்பியதன் பக்கம் சான்று சாய்வது கூடுதல் என்று லியோங்கின் 2021ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. பரபரப்பு கூடக் கூட நன்மையும் கூடும் என்றும் இல்லை. யேர்க்ஸும் டொட்சனும் 1908இல் எலிகளுக்குக் கொடுத்தது பார்வைப் பரீட்சைதான்: பிரகாசத்தில் வேறுபட்ட இரண்டு பெட்டிகளைப் பிரித்தறிவது. வித்தியாசம் சின்னதாக இருந்தபோது, கடும் மின்னதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது.

எதிர்த்தரப்பின் வாதமும் பலமானது. புரூனரும் குட்மனும் 1947இல், நாணயங்களின் அளவைச் சிறுவர்கள் பெரிதாக மதிப்பிடுகிறார்கள், ஏழைச் சிறுவர்கள் இன்னும் பெரிதாக, என்று எழுதியதிலிருந்து இப்படிப்பட்ட முடிவுகள் குவிந்தன. சேஸ் ஃபயர்ஸ்டோனும் பிரையன் ஷோலும் 2016இல் அவற்றை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தார்கள். அவர்களின் கூர்மையான கத்தி ஓவியர் எல் கிரெக்கோவைப் பற்றியது. அவர் மனிதரை நெட்டையாக வரைந்ததற்குக் கண் கோளாறு காரணம் என்று முன்பு சொன்னார்கள். கோளாறு உண்மையென்றால் வரைந்த படமும் அவருக்கு நெட்டையாகத்தானே தெரியும்? இரண்டும் கழிந்து, படம் சரியான அளவில் வந்திருக்கவேண்டும். இதே போல, பார்வையே வளைகிறது என்றால் அளவுகோலும் சேர்ந்து வளையவேண்டும். வளையாமல் விளைவு மட்டும் தெரிந்தால் அது பார்வை அல்ல, பதில். பல பிரபலமான முடிவுகள் இந்தச் சோதனையில் விழுந்தன. கவனத்தால் வரும் மாற்றத்தை அவர்களும் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண்ணைத் திருப்புவதோடு சேர்க்கிறார்கள்: எதைப் பார்ப்பது என்பது மாறுகிறது, பார்ப்பது எப்படித் தெரிகிறது என்பது அல்ல. இந்தக் கோட்டை இவ்வளவு கறாராகப் போட முடியாது என்றே தோன்றுகிறது. 2004இல் மரிசா கராஸ்கோவின் குழு, கண் அசையாமல் கவனம் மட்டும் போன இடத்தில் கோடுகளின் கருமை வெண்மை வித்தியாசம் கூடித் தெரிவதாகக் காட்டியிருக்கிறது. ஆசை நேராகப் பார்வையை வரைவதில்லை, கவனத்தைக் கூலிக்குப் பிடித்து அனுப்புகிறது என்று சொன்னால் இரு தரப்புச் சான்றுகளும் ஓரளவு ஒரே கூரைக்குள் வருகின்றன.

ஆசையும் கவனமும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன என்பது அந்தப் பின்னல் அறுந்த இடத்தில்தான் நன்றாகத் தெரியும். வலப்பக்க மூளையில் பாரிசவாதம் வந்த சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் இடப்பக்க உலகம் இல்லாமல் போகும். தாடியின் இடப்பக்கத்தை வழிக்க மாட்டார். தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே கிடக்க, இன்னும் பசிக்குது என்பார். வீட்டார் அடம் என்று நினைப்பார்கள். 2013இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்டவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து அதிலுள்ள இலக்குகளைக் கோடிட்டு அழிக்கச் சொன்னார்கள். காசு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தபோது சிலரின் தேடல் இடப்பக்கம் கூடுதலாக நீண்டது. மூளையின் ஆழத்தில் கூலியைக் கணக்குப் பார்க்கும் ஸ்ட்ரையேட்டமும் சேதமானவர்களில் அந்தப் பயன் கிடைக்கவில்லை. வீட்டில் செய்யக்கூடியது: அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து பேச்சைத் தொடங்கி, மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்வது, தட்டின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒன்றை ஒட்டி, அது கண்ணில் படும்வரை தேடப் பழக்குவது. அவசரமென்றால் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தால் போதும், மிச்சச் சோறும் முடிந்துவிடும்.